சேவைத் தலைமை என்றால் என்ன? குழுவாகத் தொண்டு செய்யும்போது அது எப்படிக் கைவரும்?

கூட வேலை செய்பவர்களுக்கு என்ன தேவை என்று பார்த்துச் செய்துகொடுத்து, அதன் வழியாகவே குழுவை நடத்துவதுதான் சேவைத் தலைமை. 1970-இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் இந்தக் கருத்தை எழுதிப் பரப்பினார். நமக்கு இது புதிதல்ல. கல்யாணத்தில் பந்தி விசாரிப்பவரைப் பாருங்கள்: எந்த இலைக்கு ரசம் வரவில்லை என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் உட்காருவது கடைசிப் பந்தியில்.

தொண்டு செய்யும் இடத்தில் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. அதட்டினால் அடுத்த வாரம் ஆள் வராது. அதனால்தான் அங்கே இது சீக்கிரம் படியும்.

முதியோர் இல்லத்தில் பத்துப் பேர் மதியச் சாப்பாடு பரிமாறப் போகிறீர்கள் என்று வையுங்கள். பொறுப்பாளர் அரைமணி முன்னதாகப் போய், "எந்த வேலையில் கை குறைகிறது?" என்று சமையல்காரம்மாவிடம் கேட்கட்டும். பெரும்பாலும் பரிமாற ஆள் இருக்கும். அடிப்பிடித்த அண்டா கழுவத்தான் இருக்காது. முதல் வாரம் அதை அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். பல் இல்லாதவர் யார், குழைந்த சோறு யாருக்கு, உப்பு குறைக்க வேண்டியவர் யார் என்று கேட்டுவைத்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரட்டும். நான்காவது வாரம் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்வார்கள், மற்றவர்கள் சுவரோரம் நிற்பார்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுதான் சேவைத் தலைமை என்று நினைப்பவர்கள் உண்டு; கை கழுவாமல் கரண்டி பிடிக்க வருபவரைத் தடுத்து நிறுத்துவதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததுதான்.