இரண்டாவது மானிட்டர் மாட்டியதும் கேம் திக்குகிறதா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, புதிதாக 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் யூடியூப் ஓடினால் வேலரண்ட் திக்கித் திக்கி ஓடுகிறது, ஆனால் எஃப்.பி.எஸ். என்னவோ 200க்கு மேல்தான் காட்டுகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கும் தம்பி. எஃப்.பி.எஸ். என்பது ஒரு நொடியில் வரும் பிரேம்களின் (படங்களின்) கூட்டுக்கணக்கு, அந்த நொடிக்குள் பிரேம்கள் சீரான இடைவெளியில் வந்தனவா என்று அது சொல்லாது. 144 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 144 முறை, அதாவது சுமார் 6.9 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும், 60 ஹெர்ட்ஸ் திரை 16.7க்கு ஒருமுறை. இரண்டு திரைக்கும் ஜன்னல்களை அடுக்கித் தருவது விண்டோஸின் ஒரே புரோகிராம்தான், பழைய விண்டோஸ் 10ல் அது இந்த இரண்டு வேகத்துக்கு நடுவே தடுமாறும். 2020 மே மாத அப்டேட்டில், அதாவது 2004 பதிப்பில், இதைப் பெருமளவு சரிசெய்தார்கள். அதனால் முதலில் விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் ரன் பாக்ஸில் 'winver' என்று அடித்து உங்கள் பதிப்பைப் பாருங்கள். அப்புறம் கேமை பார்டர்லெஸ் (திரையை நிறைக்கும் விளிம்பில்லா ஜன்னல்) இல்லாமல் முழு ஃபுல்ஸ்கிரீனில் ஆடிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பிரவுசரின் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை, அதாவது வீடியோ வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதியை, அணைத்துப் பாருங்கள், ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். அணைத்தால் வீடியோவைப் பிரிக்கும் வேலை பிராசஸர் தலையில் விழும். நான்கு கோர் பழைய பிராசஸர் என்றால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.

கேள்வி: சும்மா இரண்டாவது மானிட்டர் மாட்டினாலே எத்தனை எஃப்.பி.எஸ். குறையும்?

பதில்: வெறும் டெஸ்க்டாப் என்றால் கண்ணுக்கே தெரியாது. 1080பி திரையின் ஒரு முழுப்படம் கார்டு மெமரியில் 8 எம்.பி. சொச்சம், அவ்வளவுதான். தின்பதெல்லாம் அந்தத் திரையில் நீங்கள் திறந்து வைத்திருப்பவை: அசையும் வால்பேப்பர், முப்பது டேப், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரீம். 4 ஜி.பி. கார்டில் இவை சேர்ந்தால் கேமுக்கு இடம் நெருக்கடியாகும். சந்தேகம் இருந்தால் விண்டோஸ் கீயோடு பி அழுத்தி ஒரே திரைக்கு மாற்றி அதே மேப்பைக் கொஞ்ச நேரம் ஆடுங்கள். அடுத்து இரண்டாவது திரையைக் காலியாக வைத்து ஆடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தால் திருடன் மாட்டிக்கொள்வான். டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யூ. பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்று, வீடியோவைப் பிரிக்கும் வேலைக்கான தனி வரைபடமே இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: கார்டில் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. போர்ட்தான் ப்ரோ, அதனால் இரண்டாவதை மதர்போர்டில் செருகிவிட்டேன். தப்பா?

பதில்: தப்பென்று சொல்ல முடியாது, ஓடும். ஆனால் ஒரு திரையைக் கார்டும் இன்னொன்றை பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் பார்த்துக்கொள்வதால் படத்தை அங்கும் இங்கும் காப்பி செய்யும் வேலை கூடும், சில கேம்கள் தவறான கிராபிக்ஸில் போய் உட்காரவும் செய்யும். கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், டிஸ்பிளே போர்ட் பெரும்பாலும் இருக்கும். மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான் என்றால் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் சாதாரண கேபிள் போதும். கடைக்காரரிடம் திசையைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள், அந்தக் கேபிளைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

கேள்வி: 165 ஹெர்ட்ஸ் வாங்கியும் வித்தியாசமே தெரியவில்லை.

பதில்: செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே. பெரும்பாலும் அங்கே 60 என்றே கிடக்கும், மாற்றுங்கள். மாற்ற வழியே காட்டாவிட்டால் இரு திரையிலும் ஒரே படம் காட்டும் 'டூப்ளிகேட்' முறையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள், இரண்டையும் தனித்தனி திரையாக்கும் 'எக்ஸ்டெண்டு' தான் வேண்டும். அதுவும் இல்லையென்றால் கேபிளை டிஸ்பிளே போர்ட்டுக்கு மாற்றுங்கள், பல மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ. வழியாக முழு வேகம் வராது.

கேள்வி: லேப்டாப்பில் யூ.எஸ்.பி. டு எச்.டி.எம்.ஐ. அடாப்டர் போட்டு வெளி மானிட்டரில் ஆடுகிறேன், படுமோசமாக லேக் அடிக்கிறது அண்ணா.

பதில்: அந்த அடாப்டர் ஓட டிரைவர் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்ததா? அப்படியென்றால் அது ஒவ்வொரு பிரேமையும் பிராசஸரை வைத்துச் சுருக்கி யூ.எஸ்.பி.யில் அனுப்பும் வகை. எக்செல் பார்க்கலாம், கேமுக்கு ஆகாது. லேப்டாப்பின் சொந்த எச்.டி.எம்.ஐ.யில் நேரடியாகச் செருகுங்கள். பல கேமிங் லேப்டாப்களில் அந்த போர்ட் தனி கார்டோடு நேராக இணைந்திருக்கும், ஆனால் உள்திரைக்குப் படம் பிராசஸர் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அதனால் அந்த மாதிரி லேப்டாப்பில் வெளி மானிட்டரில் எஃப்.பி.எஸ். அதிகரிக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: கேமே ஆடாதபோதும் கார்டு சூடாக இருக்கிறது. 144ம் 60ம் மாட்டியிருக்கிறேன்.

பதில்: வேகம் ஒத்துப்போகாத இரண்டு திரை இருந்தால் சில கார்டுகள் மெமரியின் வேகத்தைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கும். டெஸ்க்டாப்பில் இருக்கும்போது 144ஐ 120ஆக்கிப் பாருங்கள், பலருக்கு இதிலேயே அடங்கிவிடுகிறது.

கேள்வி: சண்டை நடுவில் மவுஸ் அடுத்த திரைக்கு ஓடிவிடுகிறது!

பதில்: பார்டர்லெஸ்ஸில் ஆடுகிறீர்கள். ஃபுல்ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள், அல்லது கேம் செட்டிங்ஸில் கர்சரைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.