வீட்டு கேமராவுக்கும் வைஃபைக்கும் எந்த ஸ்விட்ச்? கேள்வி பதில்

கேள்வி: 4 கேமரா, மாடியில் ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் 8 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் போதுமா சார்?

போர்ட் போதும். வாட் போதுமா என்று பாருங்கள். "போர்ட்டுக்கு 30 வாட்" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்பது டேட்டாஷீட்டில் எங்கோ ஓரத்தில் இருக்கும். வாங்க வேண்டியது அதைப் பார்த்துத்தான். சாதாரண புல்லட் கேமரா பகலில் 3, 4 வாட் இழுக்கும். இரவில் ஐஆர் விளக்கு (இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரிந்தால் 6, 7 வரை போகும். அதனால் கணக்கை இரவுக்குப் போடுங்கள். 4 கேமராவுக்கு 28, ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 15, ஆக 43 வாட். மேலே கால் பங்கு சேர்த்தால் 54. 60 அல்லது 65 வாட் ஸ்விட்ச் சரியாக இருக்கும். பின்னாளில் சுழலும் பிடிஇசட் கேமரா மாட்டுவதாக இருந்தால் 120 வாட்.

பிஓஇயில் ஏஎஃப், ஏடி என்று தரங்கள் உண்டு. ஆக்சஸ் பாயின்ட் எதைக் கேட்கிறது என்பதையும் பாருங்கள். ஏஎஃப் போர்ட் தருவது 15.4 வாட், கேபிளில் போகும் இழப்பு கழித்து மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. ஏடியில் 30 வாட், மறுமுனையில் 25.5.

கேள்வி: இருட்டினால் ஒரே ஒரு கேமரா மட்டும் அணைந்து அணைந்து வருகிறது. ஸ்விட்ச் 120 வாட்தான் அண்ணா.

ஒன்று மட்டும் என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அந்த கேமராவைக் கழற்றி, ஸ்விட்ச் பக்கத்திலேயே 2 மீட்டர் கேபிளில் மாட்டி, அறையை இருட்டாக்கி ஐஆரை எரிய விடுங்கள். அணையவில்லையா? கேமரா நல்லது. பழைய கேபிளின் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது சிசிஏ, அதாவது தாமிரம் பூசிய அலுமினியம். தாமிரத்தைவிட மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். பகலில் சமாளிக்கும், ஐஆர் எரிந்ததும் மின்னழுத்தம் இறங்கி கேமரா ரீஸ்டார்ட் ஆகும். கம்பி சுத்தத் தாமிரமாக இருந்தால் வெளியே இருக்கும் ஜாக்கைப் பாருங்கள், தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கும். சிசிஏவில் மிச்சமாகும் பணம் இரண்டாம் முறை கேபிள் இழுக்கும் கூலிக்கே காணாது.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் இணைப்பு. புது ஸ்விட்ச் போட்ட பிறகு 94ஐத் தாண்டவில்லை.

நடுவே எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. கேமராவுக்கு அது தாராளம். 8 மெகாபிக்சல் கேமராகூட எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் 8 எம்பிபிஎஸ் சுமாருக்குத்தான் அனுப்பும். ஆக்சஸ் பாயின்ட்டுக்குத்தான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேண்டும். மலிவு ஸ்விட்ச்களில் பிஓஇ போர்ட் 100, ரவுட்டர் பக்கம் போகும் அப்லிங்க் போர்ட் மட்டும் கிகாபிட். அப்லிங்கிலோ மின்சாரம் வராது. ஆக்சஸ் பாயின்ட்டை காலியாக இருக்கும் அப்லிங்கில் மாட்டி, நடுவே ஒரு கிகாபிட் பிஓஇ இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் சேர்க்கும் சிறு பெட்டி) வையுங்கள். எல்லாமே கிகாபிட்டாக இருந்தும் 94 என்றால் கேபிளின் 4 ஜோடியில் ஏதோ ஒன்று துண்டித்திருக்கும். ஜாக்கை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

கேள்வி: பாசிவ் பிஓஇ பாதி விலைக்கு வருகிறதே?

வேண்டாம். முறையான ஸ்விட்ச் சிறு மின்னழுத்தம் விட்டு, எதிரே பிஓஇ கருவிக்கான 25 கிலோ ஓம் மின்தடை அடையாளம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே 48 வோல்ட்டைத் திறக்கும். பாசிவ் கேட்காமலே தள்ளும். தெரியாமல் லேப்டாப்பை மாட்டினால் அதன் போர்ட் போகலாம்.

கேள்வி: வாசல் கேட் கேமரா 130 மீட்டர் தூரத்தில். ஸ்விட்சில் நீளக் கேபிளுக்கென்று இருக்கும் எக்ஸ்டெண்ட் பட்டனை அழுத்தினால் போதுமா?

சுத்தத் தாமிரக் கேபிளானால் ஓடும். ஆனால் அந்த போர்ட் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கும். சில மாடல்களில் ஒரே பட்டன் பல போர்ட்டைச் சேர்த்து இறக்கிவிடும். ஆக்சஸ் பாயின்ட் அதில் இருந்தால் வைஃபை படுத்துவிடும். இடி மின்னல் அதிகமுள்ள ஊரில் கேட் வரை ஃபைபர் இழுப்பதே நல்லது. இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வேண்டும், கேட் பக்கம் தனி மின்சாரமும் வேண்டும்.

கேள்வி: விஎல்ஏஎன் பட்டனை போட்டேன். கேமரா பதிவுப் பெட்டியான என்விஆரில் ஒரு கேமராவும் தெரியவில்லை ஐயா.

என்விஆர் பிஓஇ போர்ட்டில் இருக்கிறது. அந்தப் பட்டன் பிஓஇ போர்ட்களை ஒன்றையொன்று பார்க்கவிடாது, அப்லிங்கோடு மட்டும் பேசவிடும். என்விஆரை காலியாக இருக்கும் அப்லிங்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ரவுட்டருக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் இதற்கும் ஆகுமா?

ஆகாது, பிஓஇ ஸ்விட்சின் அடாப்டர் 48 முதல் 54 வோல்ட். வீட்டு இன்வெர்ட்டரில் போட்டு அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகலாம். கேமராக்கள் திரும்பி வர ஒரு நிமிடமாவது ஆகும், அதுவரை பதிவு இருக்காது.