வேன் கூரையில் சோலார் இருந்தும் பேட்டரி ஏறவில்லையே, ஏன்?

மதுரை தல்லாகுளம் பக்கம் நிற்கும் டிபன் வேன். கூரையில் 100 வாட் பேனல், 12 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி. இரவு ஒன்பதுக்கே விளக்கு மங்குகிறது என்கிறீர்கள். அவசரப்பட்டுப் பேட்டரியை மாற்றிவிடாதீர்கள், பணம் வீணாகும்.

பகலில் வேன் எங்கே நிற்கிறது? வேப்பங்கிளை நிழல் பேனலின் நாலைந்து செல்லில் (கட்டத்தில்) விழுந்தாலே பாதி கரண்ட் போய்விடும்.

உச்சி வெயிலில் பேனல் வயரைக் கன்ட்ரோலரிலிருந்து (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கழற்றி, அந்த வயர் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். 19 முதல் 22 வோல்ட் காட்டினால் பேனலில் பெரிதாகப் பழுதில்லை. திரும்ப மாட்டியபின் கன்ட்ரோலர் முனையில் 14.2, பேட்டரி முனையில் 13.2 என்றால் ஒரு வோல்ட்டை வயரே தின்கிறது. பெரும்பாலும் கோளாறு இங்கேதான்: மெல்லிய வீட்டு வயர், பச்சை பூத்த லக் (வயர் நுனியை பேட்டரியில் இணைக்கும் உலோக முனை). லக்கைப் பளபளவென்று உரசி, 6 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டு இறுக்குங்கள். கழற்றும்போது பேனலை முதலில், மாட்டும்போது பேட்டரியை முதலில். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம்.

இதெல்லாம் சரியென்றால் கணக்குதான் இடிக்கிறது. 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 350 முதல் 400 வாட்-மணி தரும். 50 வாட் ஃபேனும் 30 வாட் விளக்கும் ஆறு மணி நேரம் ஓடினால் 480 வாட்-மணி வேண்டும். இன்னொரு பேனல் போட்டே ஆகவேண்டும். பேட்டரியின் டிஸ்டில்டு வாட்டர் அளவையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.