ஏஜென்சி போய்விட்டது, மூன்று மாதச் சம்பளம் வரவில்லை: துறை கைகழுவ முடியுமா?

கேள்வி: ஓர் அரசுத் துறை நடத்தும் பெண்கள் இல்லத்தில் 6 ஆண்டுகளாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். முதல் 4 ஆண்டுகள் அலுவலகமே தினக்கூலியாகச் சம்பளம் தந்தது. பிறகு ஒருநாள் எங்கள் எட்டுப் பேரிடமும் சில தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இனி நீங்கள் ஏஜென்சி ஆட்கள்" என்றார்கள். வேலையும் மாறவில்லை, கண்காணிப்பாளரும் மாறவில்லை, வருகைப் பதிவேடுகூட அதேதான். சம்பளம் மாதம் ரூ.15,000 என்றார்கள், வங்கிக்கு வந்தது ரூ.10,649. கடைசி 3 மாதமாக அதுவும் இல்லை. அந்த ஏஜென்சியின் ஒப்பந்தம் போன மாதம் முடிந்துவிட்டது. புது ஏஜென்சி ஆளுக்கு ரூ.20,000 கட்டினால்தான் வேலை என்கிறது. அலுவலகத்தில் கேட்டால், "உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. பழைய ஏஜென்சியின் கடைசி பில்லும் செக்யூரிட்டி டெபாசிட்டும் துறையின் கையைவிட்டுப் போகாமல் தடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த ஏஜென்சி முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான். அவை போய்விட்டால், அலுவலகமே இல்லாத ஒரு கம்பெனியைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே, டெண்டர் விட்ட அதிகாரிக்கு எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பெரிய கதை வேண்டாம்: "இன்ன ஒப்பந்தத்தின் கீழ் பணிபுரிந்த எங்களுக்கு இன்னின்ன மாதச் சம்பளம் தரப்படவில்லை. முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அதைத் தாங்கள் வழங்க வேண்டும். அதுவரை ஏஜென்சிக்குரிய நிலுவை பில்லையும் டெபாசிட்டையும் விடுவிக்கக் கூடாது. மீறி விடுவித்தால் அந்தத் தொகைக்குத் துறையே பொறுப்பு." இந்த நான்கு வாக்கியம் போதும். முதன்மை வேலையளிப்பவர் என்றால், ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்து வேலை வாங்குபவர்; இங்கே துறை. துறையில் பில்லில் கையெழுத்துப் போடும் அலுவலருக்கு இப்படி ஒரு கடிதம் கோப்பில் ஏறிவிட்டால் கை நடுங்கும். பின்னால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

அடுத்து அந்த ரூ.10,649. இந்த எண் சும்மா வந்ததில்லை. ரூ.15,000-க்கு உங்கள் பங்கு பி.எஃப். 12 சதவீதம், ரூ.1,800. உங்கள் பங்கு இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், முழு ரூபாயாக ரூ.113. இரண்டும் போனால் கைக்கு ரூ.13,087 வர வேண்டும். முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டியது பி.எஃப். 12, காப்பீட்டுக்கு 0.5, நிர்வாகச் செலவுக்கு 0.5, ஆக 13 சதவீதம், அது ரூ.1,950. அதோடு இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ரூ.488. இந்த ரூ.2,438-ஐயும் உங்கள் சம்பளத்திலேயே கழித்தால் மிஞ்சுவது சரியாக ரூ.10,649. அதாவது முதலாளியின் பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இதைச் சட்டம் நேரடியாகத் தடை செய்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் செல்லாது.

இதற்கு ஏஜென்சி வழக்கமாகச் சொல்லும் பதில், "ரூ.15,000 என்பது எல்லாம் சேர்ந்த தொகை" என்பது. அது உண்மையா என்று ஒப்பந்தத்தின் விலைப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். அடிப்படை ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று தனித்தனி வரி இருக்கும். முதலாளி பங்குக்குத் தனி வரி போட்டுத் துறையிடம் வாங்கிக்கொண்டு, அதையே உங்களிடமும் பிடித்திருந்தால், ஒரே பணத்தை இரண்டு இடத்தில் வசூலித்திருக்கிறார்கள் என்று பொருள். ஒருவேளை எல்லாம் சேர்ந்த தொகைதான் என்றாலும், அடிப்படை ஊதியம் உங்கள் வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது.

அந்தப் பட்டியலைப் பெறத் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. கட்டணம் ரூ.10, 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்கள் விவரம் எல்லாம் தருக" என்று கேட்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது. ஒப்பந்த நகல், விலைப் பட்டியல், மாதவாரியாக ஏஜென்சி கொடுத்த பில்கள், ஒவ்வொரு பில்லுடனும் இணைத்த பி.எஃப். சலானும் பெயர்ப் பட்டியலும், டெபாசிட் தொகையும் அதன் தற்போதைய நிலையும், இல்லத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை என்று ஆவணம் ஆவணமாகக் கேளுங்கள். "வணிக ரகசியம்" என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பொதுப் பணத்தில் கொடுத்து முடித்த பில்லில் ரகசியம் என்று நிற்பது கடினம்.

பெயர்ப் பட்டியலை ஏன் தனியாகக் கேட்கச் சொல்கிறேன் என்றால், ஏஜென்சித் தொழிலில் நடக்கும் பழைய தந்திரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஏஜென்சிக்கு ஐந்தாறு இடங்களில் ஒப்பந்தம் இருக்கும். ஒரே சலானை எல்லா அலுவலகத்துக்கும் நகலெடுத்துப் பில்லோடு இணைப்பார்கள். பார்ப்பவர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பாஸ் செய்துவிடுவார். உங்கள் எட்டுப் பேரின் யுஏஎன் (பி.எஃப். கணக்கு) எண்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை. உமங் செயலியில் உங்கள் பாஸ்புக்கைத் திறந்து, மாதம் மாதமாக வரவு பாருங்கள். இல்லாத மாதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் மண்டல பி.எஃப். ஆணையருக்குப் புகார் கொடுங்கள். அதில் ஏஜென்சியோடு துறையின் பெயரையும் போடுங்கள். பி.எஃப். திட்டத்தின் 30ஆம் பத்திப்படி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளிக்கும் முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர். பிறகு ஒப்பந்தக்காரரிடம் அவர் பிடித்துக்கொள்ளலாம். இ.எஸ்.ஐ.-க்கும் இதே விதிதான். தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடியாகவும் வரும்.

இப்போது சம்பள மனு. 21.11.2025 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நடைமுறையில் இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் 2 வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். சம்பளம் தர வேண்டியவர் தராவிட்டால், நீங்கள் வேலை செய்த நிறுவனத்துக்கு உரியவர் தர வேண்டும் என்கிறது 43ஆம் பிரிவு. 45ஆம் பிரிவில் மனுப் போட 3 ஆண்டு அவகாசம்; எட்டுப் பேரும் ஒரே மனுவாகப் போடலாம்; பாக்கியோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடியும். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை, 59ஆம் பிரிவின்படி அவர்களுடையது.

ஒரு சிக்கல். உங்கள் பிடித்தத்தில் ஒரு பகுதி அந்தத் தேதிக்கு முந்தைய மாதங்களுடையது. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் காலவரம்பு 12 மாதம்தான், அந்த வாதத்தை எதிர்த்தரப்பு எடுக்கும். அதனால் மனுவில் புதிய, பழைய சட்டங்கள் இரண்டின் பிரிவுகளையும் எழுதி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் கையோடு சேர்த்துவிடுங்கள். கணக்கு இப்படி வரும்: 3 மாதப் பாக்கி ரூ.39,261, சம்பளம் வந்த 21 மாதத்துக்கு ரூ.2,438 வீதம் ரூ.51,198, ஒருவருக்கு மொத்தம் ரூ.90,459. இதை ஓர் அட்டவணையாகப் போட்டு, வங்கிக் கணக்கு விவரத்தை இணைத்து, முதலில் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் போங்கள். எதிர்மனுதாரர் 1 துறை, எதிர்மனுதாரர் 2 பழைய ஏஜென்சி. ஏஜென்சியை மட்டும் சேர்த்துவிட்டு, நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பி வந்த பிறகு துறையைச் சேர்க்க ஓடுவதுதான் இந்த மனுக்களில் அதிகம் நடக்கும் தவறு. அரசை எதிர்த்தால் 2 மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று யாராவது சொன்னால், அது உரிமையியல் வழக்குக்கு. இந்த மனுவுக்கு இல்லை.

துறைத் தரப்பில், "உங்கள் இல்லத்தில் எட்டே பேர், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தாது" என்பார்கள். பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு 2020 ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கையை 50 என்று வைத்திருப்பது உண்மை. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 20 ஆக இருந்தது. ஆனால் ஏஜென்சியிடம் மொத்தம் எத்தனை பேர் என்பதும் கணக்கில் வரும். தவிர, மேலே சொன்ன ஊதியத் தொகுப்பின் 43ஆம் பிரிவுக்குத் தலை எண்ணிக்கையே கிடையாது. அரசு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும் தொழிலாளர் சட்டங்களை நிறைவேற்றும் கடமை அரசைவிட்டுப் போகாது என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றதும் அதே தீர்ப்புதான்.

புது ஏஜென்சி கேட்கும் ரூ.20,000-ஐக் கட்டாதீர்கள். "எதற்காக, எந்த விதிப்படி, ரசீது உண்டா" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதன் ஸ்கிரீன்ஷாட்டோடு டெண்டர் அதிகாரிக்குப் புகார் செய்யுங்கள். அலுவலகத்தில் யாருக்காவது அதில் பங்கு என்று தெரிந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை. அதுவரை வேலைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வாசலில் தடுத்தால், அன்றே "வேலைக்கு வந்தோம், அனுமதிக்கவில்லை" என்று தேதி போட்டுக் கடிதம் அனுப்புங்கள். "அவர்களாகவே வரவில்லை" என்ற பதில் பின்னால் கட்டாயம் வரும்.

இனி நிரந்தரம். உமாதேவி வழக்கு (2006) முறைப்படி தேர்வில்லாமல் வந்தவர்களுக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 ஆண்டு இருந்தவர்களுக்கு மட்டும் ஒருமுறைச் சலுகை தந்தது. உங்களுக்கு 6 ஆண்டுதான். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நெடுங்காலம் வேலை வாங்கிவிட்டு உமாதேவியைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது உங்களுக்குச் சாதகமான காற்று. ஆனால் அந்த வழக்கைப் போட்டவர்கள் துறை நேரடியாக வைத்திருந்த ஊழியர்கள். 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரம் தரும், 480 நாள் சட்டம் என்று தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில், உங்கள் இல்லம் "தொழில் நிறுவனம்" என்ற வரையறைக்குள் வருகிறதா என்பதிலேயே பெரிய சண்டை இருக்கிறது.

உங்கள் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: ஏஜென்சி ஒப்பந்தமே வெறும் காகித ஏற்பாடு என்ற வாதம். செயில் (பொதுத்துறை எஃகு நிறுவனம்) வழக்கில் (2001) உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னது, ஒப்பந்தம் போலி என்றால் அதைத் தொழில் தீர்ப்பாயம்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்பது. நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டால், "மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்று ஓர் உத்தரவு வரும். மூன்று மாதத்தில் மறுப்புக் கடிதமும் வரும். தீர்ப்பாயம் பார்ப்பது, யார் நியமித்தார், யார் சம்பளம் தந்தார், யார் நீக்க முடியும், யார் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார் என்பவை. கண்காணிப்பாளர் "இந்த அறைக்குப் போ, அந்த வேலையைச் செய்" என்றது மட்டும் போதாது. இடத்துக்கு உரியவர் அவ்வளவு சொல்லத்தான் செய்வார் என்று நீதிமன்றங்கள் தள்ளியிருக்கின்றன. அலுவலகம் தந்த மெமோ, கண்காணிப்பாளர் அனுமதித்த விடுப்பு விண்ணப்பம், முதல் 4 ஆண்டின் கூலிப் பட்டியல், இரவுப் பணி அட்டவணை, இவைதான் எடை. எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். இல்லத்தில் தங்கியிருப்பவர்களின் பெயரோ முகமோ படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் குற்றச்சாட்டு உங்கள் மேல் திரும்பும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. தொழில் உறவுகள் தொகுப்பு 2020, தொண்டு, சமூகச் சேவை அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களையும் அரசின் இறையாண்மைப் பணிகளையும் "தொழில்" என்பதிலிருந்து விலக்குகிறது. துறை இதைக் கட்டாயம் பிடிக்கும். பெண்களுக்கு இல்லம் நடத்துவது காவல், ராணுவம் போன்ற இறையாண்மைப் பணி அல்ல. லாபத்துக்கு டெண்டர் எடுத்த ஏஜென்சியும் தொண்டு அமைப்பு அல்ல. டெண்டர் விட்டதே இந்த இரண்டுக்கும் சான்று. தீர்ப்பாயத்துக்கு முன் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போக வேண்டும்; அதற்கு 2 ஆண்டு காலவரம்பு. வாசலில் தடுத்தால், அந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவில், பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சில தாள்களில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ராஜினாமா ஏதும் இருக்கிறதா என்று அந்த வழக்கறிஞர் மூலம் முதலில் நகல் கேட்டுப் பாருங்கள்.

கடைசி பில் நிறுத்தப்பட்டால் ஏஜென்சி ஓடி வந்து ஏதாவது ஒரு தொகையைத் தரும். கூடவே "முழுத் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளையும் நீட்டும். பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். கையெழுத்துக் கட்டாயம் என்றால், அச்சடித்த வரியை அடித்துவிட்டு, "ரூ. இவ்வளவு மட்டும் பெற்றேன்; மீதிப் பாக்கிக்கான உரிமையை விடவில்லை" என்று கைப்பட எழுதித் தேதி போடுங்கள். தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.