டிசம்பரில் கருவாடு

கேள்வி: கிராம அபிவிருத்தி நிறுவனமொன்றில் திட்ட இணைப்பாளராக இருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் பொறுப்பெடுத்த கருவாட்டுத் திட்டம் தோற்றுவிட்டது. டிசம்பரில் சூரிய உலர்த்திகளைக் கரையோரப் பெண்கள் சங்கத்துக்குக் கையளித்தோம். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூடப் பாவனையில் இல்லை. தம்பி தன் பிழையை உணர்ந்து பாடம் படிக்க நான் எப்படி வழிகாட்டலாம்?
– வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பியைப் பற்றிப் பிறகு கதைப்போம். டிசம்பர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. திருகோணமலையில் டிசம்பர் மாதம் கருவாடு போட யார் சொன்னது?

வாடைக்காற்றின் மாதம் அது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும்தான் எங்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி மழை. வள்ளங்களைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு, கரைவலைக்காரர் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். மீனும் இல்லை, வெயிலும் இல்லை. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது மீனின் ஈரம் எங்கே போகும்? எவ்வளவு நல்ல உலர்த்தியாக இருந்தாலும் உள்ளே வைத்தது நாறும், புழு வைக்கும். மீனுக்கும் உப்புக்கும் கடன் வாங்கிப் போட்ட காசை முதல் தடவையிலேயே இழந்த பெண், சித்திரை வெயில் எறித்தாலும் அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டாள். உங்கள் கிராமத்தில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெண்களிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எங்கள் டிசம்பர் என்னவென்று இந்த ஊரில் எவரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அங்கே போவதற்கு முன் எங்கள் வடகிழக்குக் கரையைத்தான் கடந்தது. 2000 டிசம்பர் 26 அன்று இன்னொரு புயல் திருகோணமலைக்கு அண்மையில் கரையேறியது. 2020 டிசம்பர் 2 அன்று இரவு புரெவி குச்சவெளி, திரியாய்ப் பக்கமாக வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பருவத்தின் கணக்கில் சேர்க்க முடியாது; ஆனால் அந்த மாதத்தில் கடலைப் பார்க்கும் எங்கள் பெண்களின் மனதில் அதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

பிறகு ஏன் டிசம்பர்? இதை இந்தப் பக்கத்தில் பல முறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். இந்த நாட்டில் அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. பல நிதி வழங்குநர்களும் அதே நாளில்தான் கணக்கு முடிக்கிறார்கள். மிஞ்சிய பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டும், கையளிப்பு விழாவுக்குப் படம் எடுக்க வேண்டும். கொழும்பில் திட்டம் வகுப்பவருக்கு டிசம்பர் என்றால் மேற்குக் கரையில் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதம். அங்கே சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசிக் கடல் புரளும்போதுதான் எங்களுக்கு அமைதிக் கடல். மேற்குக் கரை மீனவர் வாடி என்ற தற்காலிகக் குடிசை போட்டுத் தொழில் செய்ய எங்கள் பக்கம் வருவதும் அப்போதுதான். ஒரு தீவுக்குள் இரண்டு பருவங்கள் இருப்பதைக் கடற்றொழிலாளி தலைமுறை தலைமுறையாக அறிவான். அது திட்ட ஆவணத்தில் மட்டும் ஏறுவதே இல்லை.

இனி உங்கள் தம்பி. அவரைப் பற்றிச் சொல்ல முதல் இரண்டாம் உலகப் போரில், 1942இல் நடந்த கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவுக்கு அப்பால் பிரித்தானியாவின் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. மேலே காவலுக்கு விமானமில்லாமல் போன கப்பல்கள் அவை. 1942 ஏப்ரல் 5 அன்று, கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்த டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டும் அதே விதமாக நடுக்கடலில் போயின. நான்கே நாள் கழித்து, ஏப்ரல் 9, எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் குண்டு விழுந்த நாள். தாக்குதல் வருகிறதென்று முதல் நாளே தெரிந்ததால் கப்பல்களை இரவோடிரவாக வெளியே அனுப்பினார்கள். துறைமுகத்தில் கப்பல் நின்றால் ஆபத்து என்ற பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தார்கள். வெளியே போனவற்றில் ஒன்று ஹேர்மஸ். விமானம் தாங்கிக் கப்பல். ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அதுவும் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கப்பலின் தளபதியும் சேர்த்து.

அந்தத் தளபதியை உட்கார வைத்து என்ன பாடம் கற்பிப்பது? காவல் விமானமில்லாத கப்பலின் கதி என்னவென்று நான்கு நாளைக்கு முன், நான்கு மாதத்துக்கு முன் கட்டளையிடும் இடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததும் கட்டளையும் ஒரே மேசையில் சந்திக்கவில்லை.

உங்கள் அலுவலகத்திலும் அதைத்தான் தேட வேண்டும். டிசம்பர் கையளிப்புக்கு ஒப்பமிட்டது யார்? தம்பி இந்தக் கரையில் பிறந்தவராக இருந்தால் வாடைக்காலம் என்று ஒரு கூட்டத்திலாவது சொல்லியிருப்பார். சொன்னாரா, சொன்னபோது பதில் சொன்னது யார்? அது நீங்களாக இருந்தால் அவருக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். மேலே இருப்பவர் தன் பங்கை வாய் திறந்து சொல்லாத அறையில் கீழே இருப்பவர் உண்மை பேசமாட்டார். மன்னிப்புக் கேட்பார், தலையாட்டுவார், அடுத்த முறை எதையும் பொறுப்பெடுக்கமாட்டார். இப்படி வாடிப்போன நல்ல பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கதைப்பதை அலுவலகத்தில் வைக்காதீர்கள். அந்தக் கிராமத்துக்குப் போய், பெண்களை முதலில் பேச விடுங்கள். தம்பி திகதி வாரியாக எழுதட்டும்: எந்த நாளில் எது தெரிந்திருந்தது, எந்த முடிவு எடுத்தோம். டிசம்பரில் அறிந்திருக்கக்கூடியதையும் ஏப்ரலில்தான் தெரியவந்ததையும் ஒன்றாகக் கலக்க விடாதீர்கள். மழையும் காற்றும் முன்பே தெரிந்தவை, அவற்றுக்கு எவருக்கும் சாட்டு இல்லை. உலர்த்தியின் தட்டு உயரமென்று பெண்கள் சொன்னால், அது கையளித்த பிறகுதான் தெரிந்திருக்க முடியும். அதற்காக அவரைக் குற்றம் சொல்வது அநியாயம். அறிக்கையில் பிழையைச் சொல்லும் இடத்தில் அவர் பெயர் வரவே கூடாது.

திட்டத்தை அவர் கையிலிருந்து பறிக்கவும் வேண்டாம். கடல் இப்போது திறந்திருக்கிறது. விருப்பமுள்ள இரண்டு மூன்று பெண்களோடு, இரண்டு உலர்த்தியை மட்டும் திருத்தி, சாளையோ நெத்தலியோ கிடைக்கிற மீனைப் போட்டுப் பார்க்கட்டும். முதல் மீனுக்கும் உப்புக்கும் நிறுவனம் காசு கொடுக்க வேண்டும். நட்டம் வந்தால் அது பெண்களின் தலையில் விழக்கூடாது. புரட்டாதிக்குள் முடித்துக் கணக்குப் பாருங்கள். அடுத்த டிசம்பரில் நிதி வழங்குநர் கையளிப்பு விழாவுக்கு நாள் கேட்டால், பங்குனியில் வரச்சொல்லி நீங்களே கடிதம் எழுதுங்கள். அதைத் தம்பியிடம் விடாதீர்கள்.