காரணி தெரியாத பகு எண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெர்சென் எண்களை, அதாவது 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண்களைப் பற்றிய கட்டுரையில், 2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண் பகா எண் அல்ல என்று எடுவார்ட் லூகாஸ் 1876-இல் காட்டினார் என்றும், அதன் காரணிகளை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் கண்டுபிடித்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு காரணியைக்கூடக் காட்டாமல் ஓர் எண்ணைப் பகு எண் என்று எப்படிச் சொல்ல முடியும்? இடைப்பட்ட 27 ஆண்டுகளும் அது வெறும் ஊகமாகத்தானே இருந்திருக்கும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது ஊகம் அன்று. பேரேட்டில் வரவும் செலவும் இருப்பும் ஒத்துப்போகாதபோது, எந்தப் பக்கத்தில் என்று தெரியாவிட்டாலும், பிழை இருக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. லூகாஸின் வழியும் அத்தகையதே. பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் நிறைவேறியே தீரவேண்டிய ஒரு விதியை அவர் கண்டார்; அது நிறைவேறாத எண் பகு எண்தான்.

அந்த விதியை 1930-களில் டெரிக் ஹென்றி லேமர் எளிமையாக்கிய வடிவில் நீங்களே கையால் செய்து பார்க்கலாம். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டே வரவேண்டும். அடுக்கை விட ஒன்று குறைவான இடத்தில் பூச்சியம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் பகு எண். 2-இன் 7ஆம் அடுக்கிலிருந்து பிறக்கும் 127-க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று வரும். ஆறாவது இடத்தில் பூச்சியம் வந்துவிட்டதால் 127 பகா எண். 11ஆம் அடுக்கிலிருந்து பிறக்கும் 2047-க்கோ 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போகிறது. பத்தாவது இடத்தில் பூச்சியம் இல்லை. ஆகவே அது பகு எண். இந்தக் கணக்கில் 23 என்றோ 89 என்றோ எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள், அவை இரண்டும்தான் 2047-இன் காரணிகள் என்றாலும்.

கோல் செய்தது வேறு வகை உழைப்பு. அவர் உடைத்த, 67ஆம் அடுக்கிலிருந்து பிறக்கும் எண் 14,75,73,95,25,89,67,64,12,927; 21 இலக்கங்கள். இதன் காரணி எதுவானாலும், 67-இன் இரு மடங்கான 134-இன் ஏதோ ஒரு மடங்கை விட 1 அதிகமாகவும், 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தருவதாகவும் இருந்தாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பண்பு இது, ஏனென்றால் கடலளவு தேடலை இது ஒரு வாய்க்காலுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அப்படியும், சிறிய காரணியான 19,37,07,721-ஐ எட்டும் முன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைக் கடக்கவேண்டும். கோல் இருபடி மீதிகளை, அதாவது வர்க்க எண்களை வகுக்கும்போது வரும் மீதிகளைக் கொண்டு தேடலை மேலும் குறுக்கினார். மற்றொரு காரணி 7,61,83,82,57,287. அதிலிருந்து 1-ஐக் கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றி 568,53,60,129 வரும்.

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டு அமர்ந்தார் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. அழகான கதைதான், ஆனால் அதைச் சொல்பவர்கள் லூகாஸை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஓர் எண்ணை உடைக்காமலே அது உடையக்கூடியது என்று அறிய முடியும் என்பது, என் மதிப்பில், அந்தப் பெருக்கலை விடப் பெரிய கண்டுபிடிப்பு.

நீங்கள் சொன்ன 27 ஆண்டு இடைவெளி இன்று சில எண்களுக்கு இன்னும் நீண்டுவிட்டது. 2-இன் 10,48,576ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் வரும் ஃபெர்மா எண்ணுக்கு 3,15,653 இலக்கங்கள். அது பகு எண் என்று 1987-இல் கணினியின் துணையுடன் நிறுவப்பட்டது. அதன் காரணிகளில் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்