தாலினில் ஒரே நாள்: எட்டு இடம் காட்டும் பேக்கேஜ் வேண்டாம்

கேள்வி: ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வருகிறார்கள். அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். முழங்கால் வலி இருப்பதால் படி ஏறுவது சிரமம். ஒரு நாள் கப்பலில் எஸ்தோனியாவின் தலைநகரான தாலின் போய்விட்டு இரவே திரும்ப நினைக்கிறோம். போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்தால் குழப்பம்தான் மிச்சம். ஒரே மியூசியத்தை ஒருவர் ஆஹா என்கிறார், அடுத்தவர் காசுக்குக் கேடு என்கிறார். ஒரு ஏஜென்ட் எட்டு இடம் காட்டுவதாக பேக்கேஜ் தருகிறார். எஸ்தோனியாவுக்குத் தனி விசா ஏற்பாடு என்று ஒரு தொகையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: விசாவுக்கென்று கேட்கும் பணத்தை முதலில் மறுத்துவிடுங்கள். எஸ்தோனியா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. பின்லாந்தும் அதற்குள்தான். உங்கள் பெற்றோர் ஷெங்கன் விசாவில் வந்தால் அதே விசாவில் தாலின் போய்த் திரும்பலாம். ஒரு முறை நுழையும் விசாவாக இருந்தாலும் போதும், ஏனென்றால் அவர்கள் ஷெங்கனை விட்டு வெளியே போகவே இல்லை. அசல் பாஸ்போர்ட்டுகளை மட்டும் கையில் வைத்திருங்கள். நகலோ போனில் எடுத்த படமோ உதவாது. உங்கள் குடியிருப்பு அட்டையோடு உங்கள் பாஸ்போர்ட்டும் வேண்டும். இதில் ஏஜென்ட் ஏற்பாடு செய்ய ஒன்றுமே இல்லை. இல்லாத வேலைக்குக் கட்டணம் கேட்பவர் மற்ற விஷயங்களில் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த எட்டு இடம். பயணத் திட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். "பார்வையிடல்", "போட்டோ ஸ்டாப்", "பனோரமிக் டூர்" என்ற வார்த்தைகள் எங்கெல்லாம் வருகின்றன என்று கோடு போடுங்கள். அங்கெல்லாம் உங்களை உள்ளே கூட்டிப்போக மாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனவரை வாசலில் பன்னீர் தெளித்து அப்படியே திருப்பி அனுப்புவது போன்ற வேலை இது. தாலின் பழைய நகரம் சின்னது. விரு வாசலின் இரட்டைக் கோபுரம், 1404-ல் கட்டி முடித்த நகர மன்றம், அதன் சதுக்கம், ஒலெவிஸ்தே தேவாலயத்தின் ஊசிக் கோபுரம், தோம்பெயா குன்றின் மேல் நாடாளுமன்றம் இருக்கும் கோட்டை, அதன் எதிரே 1900-ல் கட்டிய வெங்காயக் குவிமாட ரஷ்யத் தேவாலயம், ஊரே காலடியில் தெரியும் கோஹ்துஓட்சா மேடை, தடித்த மார்கரெட் என்கிற பீரங்கிக் கோபுரம். எட்டாகிவிட்டது. இவை அத்தனையையும் வெளியே நின்று பார்க்க ஒரு சென்ட் செலவில்லை. இப்படி எட்டைக் கோத்து "எட்டு வரலாற்றுச் சின்னங்கள்" என்று விற்கும் பேக்கேஜ்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வாங்குபவர்கள் பெரும்பாலும் பெற்றோரை ஒரே ஒரு முறை அழைத்துவரும் பிள்ளைகள். விலை பேசத் தயங்குவார்கள், புகார் செய்ய நேரமும் இருக்காது. அது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு இடத்துக்கும் நுழைவுச் சீட்டு சேர்த்தியா, உள்ளே எவ்வளவு நேரம், குன்றின் மேல் வண்டி எந்த இடம் வரை போகும், அங்கிருந்து எவ்வளவு நடை. வாட்ஸாப்பில் "எல்லாம் இன்க்ளூடட் சார்" என்று வந்தால் அது பதிலாகாது.

இன்னொரு வலையும் உண்டு. மியூசியத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது பல நேரம் மியூசியத்தின் சொந்தத் தளமாக இருக்காது, டிக்கெட்டை மறுவிற்பனை செய்பவர்களின் விளம்பரமாக இருக்கும். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று சொல்லிக் கூடுதல் விலை வைப்பார்கள். தாலின் மியூசியங்களில் நீங்கள் பயப்படுகிற அளவு வரிசை பெரும்பாலும் கிடையாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் கோடை நாளில் நெரிசல் பழைய நகரத்துத் தெருக்களில்தான். மியூசியத்தின் சொந்தத் தளத்திலோ வாசலிலோ வாங்குங்கள். ஒரு பொது மியூசியத்தின் பெயரில் இன்னொருவர் கடை விரித்து அதன் வலைத்தளத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பதைத் தேடுபொறிகள் ஏன் அனுமதிக்கின்றன என்று பல வருடமாகக் கேட்கிறோம். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சரி, ரிவ்யூக்களுக்கு வருவோம். அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு, தாலினைப் பொறுத்தவரை, எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் உண்டு.

"கேஜிபி மியூசியம்" என்று எழுதுபவர்கள் மூன்று வெவ்வேறு இடங்களைப் பற்றி எழுதுகிறார்கள். ஒன்று விரு ஹோட்டல். 1972-ல் திறந்த இந்த ஹோட்டலில் லிஃப்ட் பொத்தான்கள் 22-வது மாடியோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருந்த அறையில் சோவியத் உளவுத்துறையான கேஜிபி ஒட்டுக்கேட்டது. இன்று அங்கே வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில் மட்டும் போகலாம். அறைகள் சிறியவை. சுவாரஸ்யம் முழுவதும் வழிகாட்டி சொல்லும் கதையில் இருக்கிறது. இரண்டாவது, பகாரி தெருவில் இருக்கும் நிலவறைச் சிறை. விசாரணைக் கைதிகளை அடைத்த அறைகள் அவை. மூன்றாவது வாபமு. ஜெர்மன், சோவியத் ஆக்கிரமிப்புக் காலங்களையும் விடுதலையையும் பற்றிய முழு அளவு மியூசியம். ஹோட்டலுக்குப் போய்விட்டு "இரண்டு அறைதான் காட்டினார்கள்" என்று ஒருவர் எழுதுவார். வாபமு போய்விட்டு "மூன்று மணி நேரம் போதவில்லை" என்று இன்னொருவர் எழுதுவார். படிக்கிற உங்களுக்கு இரண்டும் ஒரே இடம் போலத் தெரியும்.

தேதி அடுத்த காரணம். தடித்த மார்கரெட் கோபுரத்தைப் புதுப்பித்து 2019-ல் மறுபடி திறந்தார்கள். அதற்கு முன் எழுதிய எந்தக் கருத்தும் இன்றைய மியூசியத்துக்குப் பொருந்தாது. கடலோரத்து பதாரேய் கோட்டைச் சிறையில் தன்னிஷ்டத்துக்குச் சுற்றினோம் என்ற பழைய குறிப்புகள் இன்னமும் கிடைக்கும். அதை நம்பி அங்கே போய் நிற்காதீர்கள். நட்சத்திர மதிப்பீடு பத்து வருடத்துப் பழசையும் போன வாரத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போடுகிறது. அதனால் ஒரு வருடத்துக்குள் எழுதியவற்றை மட்டும் படியுங்கள்.

மூன்றாவது, முழங்கால். கீக் இன் டெ கோக் என்ற பீரங்கிக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 38 மீட்டர் உயரம். அதையும் பக்கத்துக் கோபுரங்களையும், கீழே கொத்தளச் சுரங்க வழிகளையும் சேர்த்து மியூசியமாக்கியிருக்கிறார்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்கு அது கொண்டாட்டம். உங்கள் அப்பாவுக்கு அது படிக்கு மேல் படி. சுரங்கம் கோடையிலும் குளிராக இருக்கும். ரிவ்யூக்களில் "படி", "முழங்கால்", "தள்ளுவண்டி" என்ற வார்த்தைகளைத் தேடிப் படியுங்கள். மியூசியங்களே தங்கள் முகப்புப் பக்கத்தில் எத்தனை படி, லிஃப்ட் எதுவரை என்று இரண்டு வரி போட்டுவிட்டால் இந்தத் தேடல் வேண்டியதில்லை. போட மாட்டேன் என்கிறார்கள். ஒலெவிஸ்தே கோபுரத்தில் ஏறும் யோசனையை விட்டுவிடுங்கள். குறுகிய சுழல்படி அது. ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம், 159 மீட்டர் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைச் சந்தேகிக்கிறார்கள் என்பதை அப்பாவிடம் சொல்லிவையுங்கள், வரலாற்று ஆசிரியருக்கு அது பிடிக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டே இரண்டு இடம்.

முதலாவது நிகுலிஸ்தே. கடலோடிகளின் புனிதரான நிக்கோலஸ் பெயரில் 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வணிகர்கள் எழுப்பிய தேவாலயம். 1524-ல் புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தக் கும்பல் ஊரிலிருந்த தேவாலயங்களை உடைத்தபோது, இதன் பொறுப்பாளர் பூட்டுகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக் காப்பாற்றினார் என்பது ஊர்க்கதை. 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானங்கள் குண்டு போட்டதில் கட்டடம் எரிந்தது. கலைப்பொருட்களை முன்பே அப்புறப்படுத்தியிருந்ததால் அவை தப்பின. மீண்டும் கட்டிவரும்போது 1982-ல் கோபுரம் தீப்பிடித்தது. இத்தனையையும் தாண்டித்தான் இன்று மியூசியமாக நிற்கிறது. உள்ளே லூபெக் ஓவியர் பெர்ன்ட் நோட்கே வரைந்த 'மரண நடனம்' என்ற ஓவியத்தின் எஞ்சிய பகுதி இருக்கிறது, சுமார் ஏழரை மீட்டர் நீளம். இடது ஓரத்தில் போதகர் மேடையிலிருந்து பேசுகிறார். அருகே ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்து தோல்பை ஊதுகுழல் வாசிக்கிறது. இன்னொன்று சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போப்பாண்டவரை ஆட்டத்துக்கு இழுக்கிறது. பிறகு பேரரசர், பேரரசி, கர்தினால், மன்னர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் எலும்புக்கூடு. அவர்கள் உடையின் மடிப்பையும் பின்னால் தெரியும் நிலப்பரப்பையும் பக்கத்தில் நின்று பாருங்கள். கீழே பழைய ஜெர்மன் செய்யுளில் ஒவ்வொருவரும் சாவோடு வாதாடுகிறார்கள். இதற்கு அரைமணி நேரமாவது கொடுங்கள். ஒரே தளம், உட்கார இடம் இருக்கிறது, கோபுரத்துக்குள் கண்ணாடி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். குன்று ஏறாமலே ஊரை மேலிருந்து பார்த்துவிடலாம். "பழைய சர்ச், சில படங்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது" என்று எழுதியவர்கள் இந்த ஓவியத்தின் முன் நிற்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது லென்னுசாடம், கடல்விமானத் துறைமுகம். ஜார் ஆட்சியின் கடைசி வருடங்களில், 1916-17-ல், கடல்விமானங்களை நிறுத்தக் கட்டிய கூடம். மூன்று பெரிய மெல்லிய கான்கிரீட் குவிமாடங்கள். பொறியியலில் உலகுக்கே முன்னோடி. 2012-ல் மியூசியமாகத் திறந்தார்கள். நடுவே லெம்பித் நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. இங்கிலாந்தில் 1936-ல் நீரில் இறக்கி எஸ்தோனியாவுக்கு வந்தது. 1940-க்குப் பின் சோவியத் கடற்படைக்குப் போனது. இதன் ஜோடி நீர்மூழ்கியான காலெவ் போரில் தொலைந்தது, இது பிழைத்தது. கூடத்துக்குள் அப்பா நிதானமாக நடக்கலாம். நீர்மூழ்கியின் உள்ளே மட்டும் செங்குத்தான படியில் இறங்க வேண்டும். நீங்கள் போய் வாருங்கள், அவர் வெளியிலிருந்தே முழு உடலையும் பார்க்கலாம். வெளியே நிற்கும் 1914-ம் வருடத்து சூர் தோல் பனியுடைப்புக் கப்பலிலும் ஏணிப்படிகள்தான்.

இப்போது நாள் குறிப்பது. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் ஹெல்சிங்கியில் இருப்பவர்கள் தவறாமல் இடறும் இடம் இது. பொதுவாகத் திங்கட்கிழமை வேண்டாம். குளிர்காலத்தில் பல மியூசியங்களுக்கு அன்று விடுமுறை, கோடையில் சில திறந்திருக்கும். ஆனால் ஜூனில் அதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. பின்லாந்தில் யுஹன்னுஸ் என்கிற நடுக்கோடைத் திருநாள் ஜூன் 20-க்கும் 26-க்கும் நடுவில் வரும் சனிக்கிழமை, ஒவ்வொரு வருடமும் தேதி மாறும். எஸ்தோனியாவில் அப்படியில்லை. ஜூன் 23 வெற்றி நாள், 24 யானிபேவ் என்கிற அவர்களுடைய நடுக்கோடைத் திருநாள், இரண்டும் என்ன கிழமையானாலும் நிலையான அரசு விடுமுறை. ஊர் காலியாகும், ஆட்கள் கிராமத்துக்குப் போய்விடுவார்கள், மியூசியங்கள் பலவும் மூடியிருக்கும். அதோடு முடியவில்லை. 23-க்கு முந்தைய வேலை நாளைச் சட்டப்படி மூன்று மணி நேரம் குறைக்கிறார்கள். அதனால் 22-ம் தேதி மதியத்துக்கு மேல் போனாலும் கதவு சாத்தியிருக்கலாம். உங்கள் ஆபீஸ் காலண்டரைப் பார்த்து "திருநாள் போன வாரமே முடிந்துவிட்டது" என்று கப்பல் டிக்கெட் போட்டால் நேராக இதில் போய் விழுவீர்கள். 22, 23, 24 மூன்றையும் தவிர்த்துவிட்டு, மியூசியத்தின் தளத்தில் அந்த நாளுக்கான நேரத்தைப் பாருங்கள். கூகுள் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள்.

போக்குவரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "தாலினில் பஸ் இலவசம்" என்று எழுதியிருப்பார்கள். 2013-லிருந்து அது நகரத்தில் வசிப்பவர்களாகப் பதிவு செய்தவர்களுக்குத்தான். துறைமுக வாசலில் கூவி அழைக்கும் டாக்ஸியை விட்டு, ஆப்பில் விலை பார்த்து ஏறுங்கள். மியூசிய நுழைவும் பஸ்ஸும் சேர்த்து விற்கும் தாலின் கார்டு மோசடி இல்லை. ஆனால் மிகக் குறைந்ததே 24 மணி நேரம். கப்பலில் போய் வரும் உங்களுக்கு ஊரில் ஏழெட்டு மணி நேரம்தான் கிடைக்கும். இரண்டு மியூசியத்தின் டிக்கெட்டையும் கார்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காலையில் இறங்கியதும் துறைமுகத்திலிருந்து லென்னுசாடம் போய்விடுங்கள், பக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பழைய நகரம், சாப்பிட்டபின் நிகுலிஸ்தே. தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது என்பதால் அப்பாவுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ அவசியம். நேரம் மிஞ்சினால் டாக்ஸியில் ரஷ்யத் தேவாலய வாசல்வரை ஏறிவிடலாம். கோஹ்துஓட்சா மேடைக்கு அங்கிருந்து சற்று தூரம்தான் நடக்க வேண்டும். அம்மாவைத் தேவாலயத்துக்குள் கூட்டிப்போனால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள், படம் எடுக்க விட மாட்டார்கள்.